சுமைதாங்கிக் கல்லின் மேல் இரண்டு பெட்டிகள்

சுருளிப்பட்டிக்குப் புதிதாகக் குடிவந்த சுருளிராஜனுக்குக் காது என்று ஒன்று இருந்தது. ஊரில் மற்றவர்களுக்கு இருப்பது வெறும் ஓட்டை என்பது அவன் எண்ணம். அலமாரியில் வைக்கிற சின்ன ஸ்பீக்கர் இரண்டு வாங்கிவிட்டு, அவற்றுக்கு அடியில் எதை வைப்பது என்று ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டான் அந்த மகானுபாவன். ரப்பர் வைத்தால் பாட்டு கொழகொழக்கிறதாம். பலகை வைத்தால் அதிர்கிறதாம். ஏழு மாத வயிற்றோடு அவன் மனைவி நாகஜோதி தண்ணீர்க்குடம் தூக்கியது மட்டும் அவன் கண்ணில் படவில்லை.

கடைசியில் கல்தான் சரி என்று முடிவு செய்தான். கல்லும் கிடைத்தது. திராட்சைத் தோட்டத்துப் பாதையில், நட்ட கல் இரண்டின்மேல் படுக்கப் போட்டிருந்த சுமைதாங்கிக் கல். வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போன ஒருத்திக்காக, இறக்காமல் போன அவள் சுமை இறங்கட்டும் என்று எந்தக் காலத்திலோ வைத்தது.

புல்லுக்கட்டோடு வந்த பக்கத்து வீட்டு மூக்கம்மாள் பதறினாள். "ஏப்பா, அங்கன கை வைக்காத. பிள்ளத்தாச்சி கல்லு அது. பெரியவுக சும்மாவா வச்சாக?"

"இந்தக் காலத்துல யாரு தலைச்சுமை தூக்குறா?"

"என் தலையில இருக்கிறது என்ன, மல்லிகப்பூவா?"

மேதாவி சிரித்தான். கல்லைப் பட்டறைக்குக் கொண்டுபோய் நடுவே அறுத்து இரண்டாக்கினான். அறுத்த முகத்தில் ஈரம் காயவே இல்லை. பிரசவ அறை வாடை அடித்தது. அவனுக்குக் காது மட்டும்தானே வேலை செய்யும்!

பெட்டிக்கு ஒரு துண்டாக அடியில் வைத்து, மத்தியானம் பாட்டைப் போட்டான். துல்லியம் என்று பூரித்தான். நிறுத்தினான்.

இடது பெட்டி நிற்கவில்லை.

தொம்... தொம்... தொம்...

ஒயரைப் பிடுங்கினான்.

தொம்... தொம்...

"ஏங்க, அது நெஞ்சு அடிக்கிற சத்தம்ங்க," நாகஜோதி வயிற்றை அணைத்துக்கொண்டாள். "கல்லக் கொண்டுபோய் வச்சிருங்க."

"வாய மூடு. உள்ள கரண்டு மிச்சம் இருக்கும்."

அவனுக்கும் பயம்தான். ஒத்துக்கொள்ளத்தான் மனசில்லை. வலது பெட்டி ஊமையாக இருந்ததில் ஒரு ஆறுதல் வேறு.

நான்காம் நாள் காலை அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"பிள்ள அசையலைங்க."

வீட்டைப் பூட்டிக்கொண்டு கம்பம் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். டாக்டரம்மா கருவியை வயிற்றில் வைத்தார். நகர்த்தினார். மறுபடியும் வைத்தார். எப்பேர்ப்பட்ட காது அவனுக்கு! அதைத் தீட்டிக்கொண்டு நின்றான்.

ஒன்றும் கேட்கவில்லை.

போன் அடித்தது. மூக்கம்மாள்.

"ஏப்பா, வீட்டப் பூட்டிட்டா போன? உள்ள உன் பொட்டி ரெண்டும் சத்தம் போடுது. சன்னல் வழியாக் கேட்டேன். வலது பக்கம் புதுசா ஒண்ணு அடிக்குது, பொடிசா, வேகமா."

மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள்.

"எடது பக்கத்துல நாலு நாளா அடிக்கிறது, இன்னைக்குத்தான்ப்பா நிம்மதியா இருக்கு."