மூடிய உதடுகள்

“நான் பேச்சை நிறுத்திட்டா உங்களுக்கு உடனே தெரிஞ்சிடுமாக்கா?”

ஆபரேஷன் தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது அந்தப் பெண் நர்ஸிடம் கேட்டாள். வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பேர். பேச்சைக் கொஞ்சம் குறைத்தே வையுங்கள் டாக்டர் என்று அவள் கணவன்கூட வேடிக்கை பேசியிருந்தான். அவள் சிரிக்கவில்லை. மூளையில் கட்டி கொஞ்சம் மிச்சமிருந்தாலும் இருக்கட்டும், மகளோடு பேசும் வாய் மட்டும் போய்விடக் கூடாது என்று டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

“தெரியாம எப்படிம்மா போகும்? உன் முகத்துக்கு நேராத்தானே உக்காந்திருப்பேன்,” என்றாள் நர்ஸ்.

காலையில் குடிக்கக் கொடுத்த மருந்து கட்டியில் போய்ச் சேர்ந்திருக்கும். விளக்கை அணைத்து நீல வெளிச்சம் பாய்ச்சினால் கட்டி சிவந்து ஒளிரும்; நல்ல மூளை இருண்டு கிடக்கும். பேச்சுக்கான இடம் ஒட்டியே இருந்ததால் அவளை விழிப்பாக வைத்திருந்தார்கள். நர்ஸ் படம் போட்ட அட்டைகளைக் காட்டுவாள், அவள் பேர் சொல்வாள். நாக்குத் தடுமாறினால் டாக்டர் கையை நிறுத்துவார்.

விளக்குகள் அணைந்தன. போர்த்திய துணிகளுக்கு நடுவே அவள் முகம் மட்டும் நீலமாய்த் தெரிந்தது. துளையிட்ட எலும்பின் கருகல் வாசனை இன்னும் போகவில்லை. உறிஞ்சு குழாய் மெல்லச் சளசளத்தது.

“சாவி,” என்றாள். “குடை.” “மீன்.”

எடுக்க எடுக்கச் சிவப்பு உள்ளே போய்க்கொண்டிருந்தது, கங்கு சாம்பலுக்குள் பதுங்குவது மாதிரி. பேச வையுங்கள், பேச வையுங்கள் என்று டாக்டர் சொல்லிக்கொண்டே இருந்தார்.

“கத்தரிக்கோல்.”

நர்ஸ் அந்த அட்டையை இன்னும் திருப்பவேயில்லை.

திருப்பினாள். கத்தரிக்கோல்.

“ஏணி,” என்றது குரல்.

உதடுகள் அசையவில்லை.

கண்கள் மட்டும் நர்ஸையே பார்த்தன. ஓரத்தில் நீர் வழிந்தது.

“டாக்டர், நிறுத்துங்க. இவ பேசல.”

“எனக்கே காதுல விழுது சிஸ்டர்.”

“இது அவ இல்ல.”

படகு, நாற்காலி, விளக்கு என்று குரல் பிசிறில்லாமல் அடுக்கிக்கொண்டே போனது. அட்டைகள் நர்ஸின் மடியிலிருந்து சரிந்தன. குரல் நிற்கவில்லை. அவள் எழுந்து டாக்டரின் முழங்கையைப் பிடிப்பதற்குள் கடைசிச் சிவப்பும் குழாயில் போய்விட்டது.

“ஒரு பொட்டு விடாம எடுத்தாச்சு,” என்றார் டாக்டர் நிறைவோடு.

மருந்தின் வேகம் அடங்கும்வரை வெளிச்சம் பட்டால் தோல் வெந்துபோகும் என்பதால் அவளை இருட்டறையில் படுக்க வைத்தார்கள். நடந்ததை நர்ஸ் சொன்னபோது, நன்றாகத் தூங்கி எழுந்து வாருங்கள் என்றார் டாக்டர்.

மறுநாள் மாலை நர்ஸ் அந்த அறைக்குள் போனாள். கட்டிலருகே கணவன். குரலில் அப்படியொரு சந்தோஷம். காலையிலிருந்து ஓயாமல் பேசுகிறாளாம், பழைய வாயாடியேதானாம்.

“பாப்பாவை ஏன் கூட்டிட்டு வரல?” என்றது இருட்டு. “என் பக்கத்துல படுக்க வைக்கணும்.”

நாளைக்கு அழைத்து வருவதாகச் சொல்லிக்கொண்டே அவன் ஒரு ஸ்பூன் தண்ணீரைத் தடவித் தடவி அவள் வாயில் வைத்தான்.

தண்ணீர் கழுத்தில் வழிந்தது.

துடைக்க விரலை வைத்தான். உதடுகள் இறுக மூடியிருந்தன.

“பாப்பாவைக் கூட்டிட்டு வாங்க,” என்றது குரல், அவன் விரலுக்கடியில்.

அவன் கை மேலே நகர்ந்தது. கன்னம் கண்ணீரால் நனைந்திருந்தது. போர்வைக்குள்ளிருந்து அவள் கை வந்து அவன் சட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. தண்ணீரில் மூழ்குகிறவள் பிடிக்கிற பிடி.

நர்ஸ் சுவரோடு ஒட்டி நின்றாள்.

அவன் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். குரல் மகளின் பேரைச் செல்லமாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவன் எழுந்தான். நர்ஸையும் பார்க்காமல் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான்.