வட்டத்துக்குள் சிவப்பு ரிப்பன்

கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் வருகிற முகப்பில், ஜெயபாண்டி என்ற பெயருக்கு மேலே இருந்த வட்டப் படத்தின் ஓரத்தில் ஒரு சிவப்பு ரிப்பன் தெரிந்தது. காலையில் அது இல்லை. அவன் மனைவி முத்துப்பேச்சிக்கு நன்றாகத் தெரியும், வெட்டி நீக்கியதே அவள்தான்.

பெருமாநல்லூர் திருவிழாவில் எடுத்த படம். சடையில் சிவப்பு ரிப்பன் கட்டிய மகள் வேல்விழியின் தோளைத் தொட்டபடி ஜெயபாண்டி சிரித்துக்கொண்டிருப்பான். பனியன் டிசைன் போடும்போது கண்ணில் படட்டும் என்று அவனே வைத்தது. அவன் செத்து, காரியமும் முடிந்தபின், இன்று காலை வீட்டுக்கார அம்மா கமலாம்பாள் அதைப் பார்த்துவிட்டாள்.

"எறந்தவங்க போட்டோவுல உசுரோட இருக்கறவங்கள சேத்து வெக்கக் கூடாது கண்ணு. கூட்டீட்டுப் போயிருவாங்கன்னு சொல்லுவாங்க."

சொன்னவள் போய்விட்டாள். கேட்டவளுக்கு இருப்பது ஒரே பிள்ளை. மகளை வெட்டிவிட்டு அவனை மட்டும் வட்டத்துக்குள் வைத்தாள். சுவரில் மாட்டிய அவன் படத்துக்கும் புதிதாகச் சந்தனம் குழைத்து வைத்தாள்.

இப்போது ஞாயிறு மதியம். கீழ்த்தளத்தில் பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின்கள் ஓடவில்லை. அவர்கள் குடியிருந்த நல்லூரில் எந்நேரமும் காலடியில் இருக்கும் அந்த அதிர்வு நின்றுபோனதில், கம்ப்யூட்டர் ஃபேன் இழுத்து விடும் மூச்சும், திரைச்சீலைக்குப் பின்னால் பொம்மைக்குச் சட்டை தைக்கும் வேல்விழியின் முணுமுணுப்புப் பாட்டும் பெரிதாகக் கேட்டன. வீடு முழுக்கச் சந்தன வாசம்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று தன்னையே திட்டிக்கொண்டு, செட்டிங்ஸில் போய் அந்தப் படத்தை எடுத்துவிட்டு ஒரு செம்பருத்திப் பூவை வைத்தாள். ரீஸ்டார்ட் கொடுத்தாள்.

பூ வரவில்லை. அவனும் மகளும் வந்தார்கள். தொட்டுக்கொண்டிருந்த கை, இப்போது மகளின் தோளை இறுகப் பற்றியிருந்தது.

"ஏட்டி வேலு, அங்கனதான இருக்க?"

"ஆமாம்மா."

அவன்மேல் உயிரையே வைத்திருந்தவள் முத்துப்பேச்சி. இப்போது அவனைப் பார்த்தே பயந்தாள். தன் கணக்கின் வழியாக உள்ளே போய், அவன் கணக்கையே நீக்கச் சொன்னாள். எல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று கேட்டது.

"பிள்ளைய விட்டுருங்க," என்று சொல்லிக்கொண்டே அழுத்தினாள்.

மறுபடி ரீஸ்டார்ட். மானிட்டர் இருண்டது. ஃபேன் நின்றது. பாட்டும் நின்றது.

முகப்பு வந்தது. ஜெயபாண்டி இல்லை. அவன் பெயர் இருந்த இடத்தில் வேல்விழி என்றிருந்தது. அப்படி ஒரு கணக்கை யாரும் தொடங்கவில்லை. வட்டத்துக்குள் மகள் மட்டும். நெற்றியில் சந்தனம்.

"ஏட்டி."



சுவரைப் பார்த்தாள். அவன் படத்தின் கண்ணாடி துடைத்துவிட்டதுபோல் இருந்தது. காலையில் வைத்த சந்தனம் இல்லை.

திரைச்சீலையை விலக்கினாள்.

வேல்விழி போட்டோவுக்கு உட்காருவதுபோல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். சிரித்த வாய். இமைக்காத கண். தோளில் சட்டைத்துணி ஐந்து விரலாக அமுங்கியிருந்தது. யாரும் இல்லை. அமுங்கியது எழவில்லை.

நெற்றியில் சந்தனம். இன்னும் காயவில்லை.