மூலை மெஷினின் சுருதி

மெயின் சுவிட்சை மகுடேஸ்வரனே தன் கையால் இறக்கினார். நிட்டிங் மெஷின்களின் இரைச்சல் மெல்லத் தணிந்து அடங்கியது. மைக் வழியே அந்தச் சத்தத்தை வாங்கி மகளின் லேப்டாப்பில் ஓடிக்கொண்டிருந்த நீலப் பட்டை நின்றது. அதன் கீழே மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

“இதென்ன கண்ணு?”

பாட்டில் எந்தச் சுரம் ஆதாரமாக நிற்கிறது, போகப்போக அது எங்கே இடம் மாறுகிறது என்று கம்ப்யூட்டரைக் கண்டுபிடிக்க வைப்பது மகள் அனுப்பிரியாவின் ஆராய்ச்சி. ஒரே சுருதியில் கிடக்கும் சத்தத்தில் முதலில் சோதிக்க, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பாவின் பனியன் கம்பெனிக்கு வந்திருந்தாள்.

“படிக்க வெச்சா மெஷினுக்குப் பாட்டு வாத்தியார் ஆயிட்டியே!” கதவோரம் டீ குடித்துக்கொண்டிருந்த தம்பி ஆறுச்சாமி சிரித்தான்.

“கிண்டல் பண்ணாதீங்க சித்தப்பா. அப்பா, ரெண்டு சுருதி காட்டுதுங்க. மெஷின் இறங்குனப்ப இன்னொண்ணும் கூடவே இறங்குச்சு. ஆரோ சேந்து முனகற மாதிரி. இப்ப அது மட்டும் தனியா ஓடுது.”

ஆறுச்சாமியின் சிரிப்பு நின்றது.

மெஷினோடு சேர்ந்து முனகுவது தங்கை வேலாத்தாளின் பழக்கம். மெஷின் நிற்கும்போது தன் குரலையும் கூடவே இறக்கிவிட்டுச் சிரிப்பாள். எவனோ ஒருத்தனோடு அவள் பஸ் ஏறியதைக் கண்ணால் பார்த்ததாக ஆறுச்சாமிதான் வந்து சொன்னான். கூடப் பிறந்தவன் சொன்ன பிறகு வேறு சாட்சி எதற்கு? குடும்ப மானம் பெரிதென்று, தேடிக்கூடப் பார்க்காமல், மகுடேஸ்வரன் அன்றே அவளைத் தலைமுழுகினார். அதன்பின் வீட்டில் யாரும் அவள் பெயரை எடுத்ததில்லை.

மகுடேஸ்வரன் மைக்கை எடுத்துக்கொண்டு நடந்தார். சன்னல் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. சூடு ஆறாத எண்ணெய் வாசனையும், மூச்சில் ஒட்டும் பஞ்சுத் தூசியும், வரிசை வரிசையாக அசையாமல் நின்ற நூல் கோன்களின் நிழலும் அவரோடு கூடவே நகர்வது போலிருந்தது.

“கோடு தடிக்குதுங்கப்பா.”

நடந்தார்.

“இன்னும் தடிக்குது.”

மூலை மெஷின். வேலாத்தாள் காணாமல்போன அதே வாரத்தில்தான் அதன் அடியில் ஆறுச்சாமி புதிதாகக் காங்கிரீட் போட்டான்.

“அண்ணா, அங்க நிக்காதீங்க!”

மகுடேஸ்வரன் திரும்பவில்லை. “அவ பஸ் ஏறுனதைப் பார்த்தியா, ஆறுச்சாமி?”

டீ கிளாஸ் தரையில் விழுந்து உடைந்தது.

“உங்க மானத்தைத்தானுங்கண்ணா காப்பாத்துனேன்.”

அவர் காலடித் தரை அதிர்ந்தது. முனகல் இப்போது காதுக்கே கேட்டது.

மெஷினிலிருந்து சப்பையாகத் தொங்கிய வெள்ளைத் துணிக் குழாய் மெல்ல உப்பியது. நெற்றி. மூக்கு. திறந்த வாய். துணியை உள்ளிழுத்து, வெளிவிட்டு, அந்த வாய் முனகியது. மெஷின் நிற்பதுபோல் சுருதி இறங்கியது. மறுபடி ஏறியது.

மெயின் சுவிட்ச் இறக்கியபடியேதான் இருந்தது.

அந்த முகம், தம்பியைக் கடந்து, மெல்ல, அண்ணன் பக்கம் திரும்பியது.