இரண்டாம் நாளில் இல்லாத வார்த்தை

சீட்டுக் குலுக்கிப் போட்டதில் பட்டாணிக்கு இரண்டாம் நாள் வந்து சேர்ந்தது.

ஞாயிறு பள்ளியில் வருடா வருடம் போடும் நாடகம், கடவுள் ஆறு நாளில் உலகத்தைப் படைத்த கதை. ஆறு பிள்ளைகள், ஆளுக்கொரு நாள். நான்காம் நாளான சூரியன், சந்திரன், நட்சத்திரம் ஒரு அதிர்ஷ்டக்காரிக்குப் போனது. ஜிகினாத் தாள் முழுக்க அவளுக்குத்தான். ஆறாம் நாளின் மிருகங்கள் ஓணானுக்கு. எதற்கெடுத்தாலும் தலையை ஆட்டுவதால் அவனுக்கு அந்தப் பெயர். சிங்கமாகவும் நான்தான், யானையாகவும் நான்தான் என்று அவன் அடம்பிடித்துக்கொண்டிருந்தான்.

இரண்டாம் நாள் வெறும் தண்ணீர். கடவுள் தண்ணீரை இரண்டாகப் பிரித்தார். பாதியை மேலே வைத்தார், பாதியைக் கீழே விட்டார், நடுவில் வானத்தை வைத்தார். அவ்வளவுதான்.

சீட்டைப் படித்ததும் பட்டாணி அதை மடித்துக் கைக்குள் மறைத்துக்கொண்டாள்.

நான்கு மாதங்களுக்கு முன்னால், மேலே இருந்த தண்ணீரும் கீழே இருந்த தண்ணீரும் சேர்ந்துகொண்டு அவர்கள் தெருவுக்குள் வந்தன. மூன்று நாள் விடாத மழை. பிறகு ஆற்றின் கரை உடைந்தது. அப்பா பட்டாணியைத் தோளில் ஏற்றிக்கொண்டார். அம்மா தம்பியை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். மாடிப்படிக்கு இன்னும் பத்தடிதான். அப்போது தண்ணீர் அம்மாவைத் தள்ளிவிட்டது. அம்மா தட்டுத் தடுமாறி எழுந்தபோது கையில் தம்பி இல்லை. அவனுக்கு நான்கு வயது.

அதற்குப் பிறகு அம்மா ஒரு சொட்டுக் கண்ணீர்கூட விடவில்லை. வாரத்துக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். அம்மாவிடம் தைக்கக் கொடுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார்கள். தேவாலயத்தின் பக்கமும் அம்மா தலைகாட்டவில்லை.

"இந்த ஞாயித்துக்கிழமை அம்மா வரேன்னு சொல்லிட்டா, உன் நாடகத்தைப் பார்க்க" என்று அப்பா சந்தோஷமாகச் சொன்னார். அம்மா வராமல் இருந்தால் தேவலை என்று பட்டாணிக்குத் தோன்றியது.

ஏனென்றால் நாடகத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு நாள் முடிந்ததும், அந்த நாளின் பிள்ளை, "கடவுள் பார்த்தார்! அது..." என்று நிறுத்தும். மொத்த வகுப்பும், "நல்லது!" என்று கூரை அதிரக் கத்தும். டீச்சரின் பெரிய அட்டையில் ஆறு நாளுக்கும் ஆறு 'நல்லது' சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் இருந்தது.

அம்மாவை உட்காரவைத்துக்கொண்டு தண்ணீரை நல்லது என்று கத்த வேண்டும். அம்மா என்ன ஆவாள்?

"டீச்சர், என் நாளுக்கு மட்டும் 'நல்லது' வேண்டாமே" என்று கேட்டாள்.

"ஏம்மா?"

"தண்ணி... எங்க அம்மா வராங்க, டீச்சர்."

டீச்சரின் முகம் வாடிவிட்டது. "ஐயோ, எனக்கு இது தோணாமப் போச்சே. நீ வேற நாள் மாத்திக்கோம்மா."

"யார் கத்தினாலும் அம்மா காதுல விழுமே, டீச்சர்."

டீச்சர் அட்டையைத் திரும்பிப் பார்த்தார். "வேதத்துல இருக்கறதை நாமளா எடுக்க முடியுமாம்மா?" என்றார். அதைச் சொல்ல அவருக்கே பிடிக்கவில்லை என்பது தெரிந்தது.

பட்டாணிக்குக் கோபம் வந்தது. டீச்சர் மேல் இல்லை, கடவுள் மேல். அவர் நிஜமாகவே அப்படிச் சொன்னாரா என்று பார்த்துவிட வேண்டும். சொல்லியிருந்தால் இனி அவரோடு டூ விட்டுவிடலாம்.

வீட்டு பைபிள் வெள்ளத்தில் ஊறித் தலையணை மாதிரி உப்பியிருந்தது. ஒட்டிய பக்கத்தை மெதுவாகப் பிரித்து, விரல் வைத்துப் படித்தாள். முதல் நாளில் நல்லது இருந்தது. இரண்டாம் நாளில் இல்லை. மூன்றாம் நாளில் இருந்தது. திரும்பப் படித்தாள். இரண்டாம் நாளில் இல்லவே இல்லை.

தண்ணீர் பட்டு அந்த வரி அழிந்துபோயிருக்குமோ?

ஓணான் வீடு மூன்றாம் மாடியில். அவர்கள் பைபிளில் ஒரு துளி ஈரம் பட்டதில்லை. ஓணான் படித்தான். தலையாட்டக்கூட மறந்துபோனான்.

"தண்ணி இருக்கு, வானம் இருக்கு. நல்லது மட்டும் இல்ல."

"சரியாப் பார்த்தியா?"

"நாலு தடவை பார்த்துட்டேன்டி!"

இருவரும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு தபால் ஆபீசுக்கு ஓடினார்கள். டீச்சருக்கு வாரநாளில் அங்கேதான் வேலை. முத்திரை குத்திக்கொண்டிருந்தவர் பக்கத்தைப் படித்தார். முத்திரைக் கட்டை அந்தரத்திலேயே நின்றது.

"பதினோரு வருஷமா அந்த அட்டையை மாட்டுறேன்" என்றார். "ஆறு நாளுக்கும் இருக்கும்னு நானா எழுதி வெச்சிருக்கேன்."

"கடவுள் ஏன் சொல்லல, டீச்சர்?"

"ஆளுக்கொரு காரணம் சொல்லுவாங்க. எனக்குத் தெரியலம்மா."

அட்டையின் இரண்டாவது 'நல்லது' மேல் டீச்சர் அன்றைக்கே வெள்ளைத் தாளை ஒட்டினார். ஆனால் கத்திப் பழகிய வாய்கள் சும்மா இருக்குமா? பட்டாணி சின்னப் பிள்ளைகளை உட்காரவைத்து, "என் நாள் முடிஞ்சதும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது. எங்க அம்மா வராங்க" என்றாள். வெள்ளம் வந்த தெருவின் பிள்ளைகள் அவர்கள். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மா கடைசி வரிசையில், கதவை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். முதல் நாள் முடிந்தது. "நல்லது!" என்று கூரை அதிர்ந்தது. அம்மா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

பட்டாணி நீலத் துணியோடு நடுவில் வந்தாள். "கடவுள் தண்ணீரைப் பிரித்தார். மேலே பாதி, கீழே பாதி. நடுவில் வானம். சாயங்காலம் வந்தது, காலை வந்தது. இரண்டாம் நாள் முடிந்தது."

நிறுத்திவிட்டாள். ஒரு குட்டிப் பயல் பழக்கதோஷத்தில், "நல்..." என்று தொடங்கினான். பக்கத்தில் இருந்த அக்கா சட்டென்று அவன் வாயைப் பொத்தினாள். தேவாலயம் முழுக்க ஒரு சத்தமும் இல்லை. அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

கடைசியில் ஓணானின் முறை வந்தது. எல்லாவற்றையும் சேர்த்து மிகவும் நல்லது என்று சொல்ல வேண்டியவன் அவன்தான். ஒரு வாரமாக சிங்கம்போல் கர்ஜித்துப் பழகியிருந்தான். அம்மா இருந்த பக்கம் பார்த்தான். அதை மெல்லிய குரலில் சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

வீட்டுக்குப் போகும் வழியில் அம்மா தானாகப் பேசினாள்.

"எல்லா நாளுக்கும் கத்தினீங்க. உன் நாளுக்கு ஏன் கத்தல? எனக்காக விட்டுட்டியா?"

"இல்லம்மா. அங்க அந்த வார்த்தையே இல்ல. கடவுள் சொல்லல."

"சொல்லலையா?"

"சொல்லல. ஓணான் வீட்டு பைபிள்லயும் பார்த்துட்டேன்."

அம்மா அப்படியே நின்றாள். பிறகு பூட்டியிருந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்து, தம்பியின் பெயரைச் சொல்லிக் கதறி அழுதாள். தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அப்பா என்ன செய்வதென்று தெரியாமல் கையைப் பிசைந்தார்.

பட்டாணி அழாதே என்று சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளும் அழுதாள்.

வெயில் ஏறியது. கடைசியில் அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டு பட்டாணியைப் பார்த்தாள்.

"பசிக்குதுடி" என்றாள். "வா, வீட்டுக்குப் போய் ஏதாவது செய்யலாம்."