மன்ட்ஸிக்குக் காது கேட்கிறதா?

"ஹங்கேரி முழுக்கத் தேடினாலும், பொய்யைச் சத்தத்துலயே பிடிக்கிற காது ரெண்டுதான் இருக்கு. ரெண்டும் என் தலையில இருக்கு" என்றார் இன்ஸ்பெக்டர் கெலமென் ஓரோஸ். யாரும் சிரிக்கவில்லை. அவரும்தான்.

செகெத் நகர ஆய்வகம். காலை 8.40. கூண்டு காலி.

காணாமல் போன கினிப்பன்றி மன்ட்ஸி பிறவிச் செவிடு. அதன் உள்காதில் செத்த செல்களை மறுபடி முளைக்கவைத்து, கேட்கவும் வைத்துவிட்டதாகச் சொல்பவர் டாக்டர் பிரோஷ்கா வடாஷ். பத்து மணிக்கு நிபுணர் குழு வருகிறது. மன்ட்ஸியைக் காட்டாவிட்டால் ஆய்வகத்துக்குப் பூட்டு. அவருடைய பன்னிரண்டு வருட உழைப்பும் உள்ளேயே.

"பதறாதீங்க டாக்டர். ஆமா, அந்தக் கண்ணாடி ரூம் எதுக்கு?"

"காது சோதிக்க. நீங்களும் உக்காரலாம்."

"ஹெட்போன் மாட்டிக்கிட்டு, 'பீப்'னா பட்டனை அமுக்கறதா? அது கிழவங்க விளையாட்டும்மா."

கூண்டிலிருந்து கதவு வரை மரத்தூள் சிந்தியிருந்தது. அதில் காலணித் தடம் ஒன்றுகூட இல்லை. மெத்தென்று மழுங்கிய தடங்கள்தான். பூட்டு உடையவில்லை. இன்னொரு சாவி, எதிர் அறை டாக்டர் கெர்கெய் போட்னாரிடம். உள்காதுச் செல் செத்தால் செத்ததுதான் என்று எழுதியே பேராசிரியரானவர்.

ஓரோஸும் பிரோஷ்காவும் போட்னாரின் அறைக்குள் நுழைந்தார்கள். கம்பளம் விரித்த அறை. பளபளக்கும் காலணி.

"எப்ப வந்தீங்க?"

"ஏழுக்கு. கட்டடத்துல ஈ காக்கா இல்ல."

"மன்ட்ஸி ரூமுக்குப் போனீங்களா?"

"அந்தச் செவிட்டு ஜந்துவைப் பாக்கவா? நான் அங்க போயி ஒரு மாசமாச்சு." ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்துக்கொண்டார்.

"கால் அரிக்குதா?"

"கொசு."

"மார்ச் மாசத்துலயா? ஷூவைக் கழட்டுங்க."

சாக்ஸின் அடி முழுக்க மரத்தூள்.

"ஷூவைக் கையில பிடிச்சுக்கிட்டுப் பூனை மாதிரி போயிருக்கீங்க. கட்டடத்துலதான் ஈ காக்கா இல்லையே? காலடிச் சத்தம் யாருக்குக் கேட்டுடும்னு பயந்தீங்க, டாக்டர்?"

பிரோஷ்கா முந்திக்கொண்டார்: "மன்ட்ஸிக்கு! காலடி கேட்டா, தீனி வருதுன்னு கத்துவா."

"ஆக, உங்க ஆராய்ச்சியை நாட்டுலயே முதல்ல நம்பினவர் இவர்தான். திருடனும் இவர்தான். குழுகிட்ட ரெண்டையும் சொல்லிடுங்க."

பிரோஷ்கா சட்டைப்பையிலிருந்து குடைமிளகாய் மடித்த காகிதப் பொட்டலத்தை எடுத்துச் சரசரவென்று கசக்கினார். போட்னாரின் அலமாரியிலிருந்து 'வீக், வீக்' என்று கீச்சொலி. பிரோஷ்காவின் கண் கலங்கியது. போட்னார் தலையைக் குனிந்துகொண்டார்.

ஓரோஸ் மட்டும் பொறுமையாக நின்றார். "எப்பக் கத்துவா?"

"கத்திக்கிட்டுத்தான் இருக்கா, இன்ஸ்பெக்டர்."

பதினொரு மணிக்கு நிபுணர் குழு கைதட்டி முடித்து, மன்ட்ஸிக்குக் குடைமிளகாய் ஊட்ட முண்டியடித்துக்கொண்டிருந்தது. கண்ணாடி அறைக்குள் ஒருவர் போலீஸ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து, ஹெட்போன் மாட்டி, பட்டன்மேல் கட்டைவிரலோடு காத்திருந்தார்.