அமுண்டின் சமையலறையில் இன்னொருவர்

வடதுருவத்தை ஒட்டிய அந்த ஊரில் ஜனவரி கடைசிவரை சூரியன் மலைக்கு மேலே வருவதில்லை. பகல் இரண்டு மணிக்கே தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கடைசி விளக்கையும் தாண்டி, மலைகளுக்கு நடுவே கடல் நுழைந்து முடிகிற இடத்தில் இருந்தது அமுண்டின் வீடு. தோரா காரை நிறுத்திவிட்டு, பனியில் கால் புதையப் புதைய வாசலுக்கு நடந்தாள்.

அவள் வீடு வீடாகப் போய் முதியவர்களைக் கவனிக்கும் நர்ஸ். இந்தப் பக்கம் மாற்றலாகி வந்து அதிக நாள் ஆகவில்லை. அமுண்டுக்கு வயது எண்பத்தாறு. போன வாரம்தான் நிமோனியா குணமாகி ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்தார். தனியாள்.

சமையலறையில் வேகவைத்த மீனின் வாசனை. மேஜைமேல் ரத்தம் படிந்த காகிதக் கைக்குட்டைகள் குவிந்துகிடந்தன.

"மூக்குல லேசா ஒழுகுது. பனிக்காத்து, அவ்வளவுதான். செத்தவனைப் பாக்கற மாதிரி பாக்காதே, பொண்ணு."

அவர் சட்டைக் கையை மடித்துப் பார்த்தாள் தோரா. முழங்கைவரை நீலநீலமாகக் கன்றிப்போயிருந்தது. அவளுக்கு அது பிடிக்கவில்லை. டேப்லெட் கம்ப்யூட்டரை எடுத்து மேஜைமேல் சாய்த்துவைத்து, டாக்டர் ஹால்வரை வீடியோவில் கூப்பிட்டாள்.

"பனியால மலைப்பாதையை மூடிட்டாங்க தோரா, என்னால வர முடியாது. கையைக் கிட்ட கொண்டுவரச் சொல்லு."

அமுண்ட் திரையை உற்றுப் பார்த்தார். "இவரா டாக்டரு? தோலுரிச்ச உருளைக்கிழங்கு மாதிரில்ல இருக்காரு!"

ஹால்வர் சிரித்துக்கொண்டே முன்னால் குனிந்தார்.

"பின்னால நிக்கிற அம்மாவைக் கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லேன். வெளிச்சத்தை மறைக்கிறாங்க."

தோரா திரும்பினாள். அடுப்பு. சுவர். ஜன்னலுக்கு வெளியே இருட்டு.

"இங்க யாரும் இல்லையே."

"விளையாடாதே. சாம்பல் கலர் ஸ்வெட்டர், ஈரத்தலை. அவர் தோளுக்குப் பின்னாலதானே நிக்கிறாங்க?"

அமுண்டின் கை மேஜைமேல் அப்படியே நின்றுவிட்டது.

"ஓட்னி," என்றார்.

"யாரு?"

"என் பொண்டாட்டி. ரெண்டு வருஷம் முன்னாடி, குளிச்சுட்டு வந்தவ இங்கயே விழுந்தா. உள்ளுக்குள்ள ரத்தம் கொட்டியிருக்கு. பழைய மாத்திரையை நிறுத்துங்கன்னு ஆஸ்பத்திரியிலேர்ந்து கம்ப்யூட்டர்ல சேதி வந்துச்சாம். வந்து அப்படியே கிடந்துச்சாம். யாரும் திறக்கலை."

ஈரக் கம்பளியின் வாடை மெல்ல மீன் வாசனைக்கு மேலே எழுந்தது.

"ஹால்வர்?"

"அவங்க மாத்திரை டப்பாமேல கையை வைக்கிறாங்க." அவர் குரல் இறங்கியிருந்தது. "தலையை ஆட்டறாங்க. வேண்டாம்ங்கற மாதிரி."

டப்பா மேஜையின் ஓரத்தில், மூடியபடி இருந்தது. அதன்மேல் எதுவும் இல்லை.

"இப்ப உன்கிட்ட வர்றாங்க."

"பயமுறுத்தாதீங்க."

"தோரா, அசையாதே."

அவள் அசையவில்லை.

இடது காதோரம் ஏதோ குளிர்ந்தது.

ஒரு சொட்டுத் தண்ணீர் அவள் தோளில் விழுந்தது.

"காதுல என்னமோ சொல்றாங்க. உனக்குக் கேக்கலையா?"

"இல்ல," என்றாள் உதடு மட்டும் அசைய.

"எனக்குக் கேக்குது. 'திற'ங்கறாங்க. 'திற, திற'ன்னு அதையே சொல்றாங்க."

தோரா டப்பாவைத் திறந்தாள். காலை வேளைக்கான ஒவ்வொரு அறையிலும் வெள்ளை மாத்திரை ஒன்று, இளஞ்சிவப்பு ஒன்று. மூடியின் உட்பக்கம் ஒட்டியிருந்த மாத்திரைப் பெயர்களை விரல் வைத்துப் படித்தாள்.

"ரெண்டுமே ரத்தம் உறையாம இருக்கக் குடுக்கறது! ரெண்டையும் சேர்த்து யாரு போடச் சொன்னா? ஹால்வர், ஆஸ்பத்திரிச் சேதியைப் பாருங்க. இப்பவே!"

விசைகள் தடதடத்தன.

"இருக்கு. லீவுல போன நர்ஸ் பேருக்கு அனுப்பியிருக்காங்க. வெள்ளையை உடனே நிறுத்தணும்னு." ஒரு பெருமூச்சு. "யாருமே திறக்கலை."

அவர் நிமிர்ந்து திரையைப் பார்த்தபோது அமுண்டின் பின்னால் வெறும் சுவர்தான் இருந்ததாம்.

ஆம்புலன்ஸ் படகு வரும்வரை தோரா அமுண்டின் கையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். தூக்கிக்கொண்டு போகும்போது அவர் அடுப்புப் பக்கம் பார்த்து, "போயிட்டு வரேன்" என்றார். பிழைத்துக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் ஹால்வர் தன் அறையிலிருந்து வீடியோவில் கூப்பிட்டார். முகம் தெளிந்திருந்தது.

"அமுண்ட் திங்கக்கிழமை வீட்டுக்கு வர்றாரு. சாப்பாடு சரியில்லைன்னு நர்ஸுங்களோட சண்டை போடறாராம். என்ன, பேச மாட்டேங்கறே?"

தோரா திரைக்கு இன்னும் கிட்டே குனிந்தாள்.

ஹால்வரின் நாற்காலிக்குப் பின்னால், பைஜாமாவோடு ஒரு கிழவர் நின்றிருந்தார். அவருக்குப் பக்கத்தில், கைத்தடியோடு ஒரு கிழவி. சுவரோரமாக இன்னும் சிலர். ஒருவரையும் அவளுக்குத் தெரியாது. எல்லோரும் ஹால்வரின் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஹால்வர்... திறக்காத சேதி எத்தனை இருக்கு?"

"ஏன் கேக்கறே?"

அவருக்குப் பின்னால் கதவு சத்தமில்லாமல் திறந்தது.

இன்னும் வந்துகொண்டிருந்தார்கள்.