ஒரு சொட்டு போதும்

ஹாலில் பிணம்.

பக்கத்தில் மூடி திறந்த கிராமபோன்.

இரண்டுக்கும் நடுவே, கிராமபோனை முறுக்குகிற இரும்புக் கைப்பிடி... நுனியில் ரத்தத்தோடு!

"நான் கொல்லல சார்."

இறந்தவரின் மனைவி திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். இன்ஸ்பெக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார்.

"கைப்பிடியில உங்க ரேகை இருக்குமா?"

"இருக்கும் சார். நான்தான் அதை அடிக்கடி ஒளிச்சு வைப்பேன். இல்லன்னா நாள் முழுக்க முறுக்கிட்டே இருப்பார்."

"பாட்டு பிடிக்காதா?"

"பாட்டா அது? கிரீச்சுன்னு ஒரே கத்தல். சமையல் எண்ணெயைக் கொண்டாந்து ஊத்துவார். ஊத்த ஊத்தப் பிசினாகி இன்னும் மோசம். காலைல தாங்க முடியாம அக்கா வீட்டுக்குக் கிளம்பிட்டேன். அவ வீடு பூட்டியிருந்துச்சு. வாசல்லயே உக்காந்திருந்துட்டு சாயங்காலம் வந்து பாத்தா..."



"வாசல்ல உக்காந்திருந்ததை யார் பாத்தாங்க?"

"யாரும் இல்ல சார்."

"கிளம்புறப்ப, 'இந்தக் கைப்பிடியாலயே ஒரு நாள் உங்க மண்டையை உடைக்கப் போறேன்'னு கத்தியிருக்கீங்க. பக்கத்து வீட்டுல கேட்டிருக்காங்க."

"கோவத்துல சொன்னது சார்..."

கான்ஸ்டபிள் விலங்கை எடுத்தார். அவள் அதையே பார்த்தாள்.

"மக காலேஜ்லேர்ந்து வர்ற நேரம் சார். கூட்டிட்டுப் போறதா இருந்தா இப்பவே போயிடுங்க. விலங்கோட அவ என்னைப் பாக்க வேண்டாம்."

இன்ஸ்பெக்டர் வாசலைப் பார்த்தார்.

அங்கே தோளில் பையோடு ஒருவர் நின்றிருந்தார். கிராமபோனை விற்றவர், ரிப்பேர்காரர். எதைக் கேட்டாலும் 'ஒரு சொட்டு போதும்' என்பார். அதனால் ஊருக்கே அவர் 'சொட்டு'. கைப்பிடியை அடையாளம் காட்ட இன்ஸ்பெக்டர்தான் ஆள் அனுப்பியிருந்தார்.

"இந்த மெஷினோடதுதான் சார்" என்றார் சொட்டு, குனிந்து பார்த்துவிட்டு.

"இங்க கடைசியா எப்ப வந்தீங்க?"

"வருஷமாச்சு சார். சமையல் எண்ணெய் ஊத்தாதீங்கன்னு சொன்னேன். சண்டைக்கு வந்தார். அதோட இந்தப் பக்கமே தலைவெச்சுப் படுக்கல."

"வேற கைப்பிடி இருக்கா? ஓட்டிப் பாக்கணும்."

சொட்டு பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். இன்ஸ்பெக்டரே முறுக்கினார்.

டொம்!

பெட்டிக்குள் ஏதோ அடித்தது. எல்லோருக்கும் தூக்கிவாரிப் போட்டது.

இசைத்தட்டு சுழன்றது. பாடகியின் குரல் பிசிறில்லாமல் எழுந்தது. கத்தல் இல்லை... இழுவை இல்லை...

மனைவி எழுந்தே விட்டாள்.

"சார்... இது கத்தலையே!"

"காலைல?"

"உயிர் போற மாதிரி கத்திச்சு சார்."

இன்ஸ்பெக்டர் நிதானமாக சொட்டு பக்கம் திரும்பினார்.

"அந்த டொம் என்னங்க?"

"ஸ்பிரிங் சார். உள்ள இருக்கிற கிரீஸ் காஞ்சா சுருள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். முறுக்குறப்ப விடுபட்டு அடிக்கும். அங்க கெட்டி கிரீஸ்தான் போடணும். கத்துறது, வேகத்தைக் கட்டுப்படுத்துற கவர்னர். அதுக்கு மெல்லிசு எண்ணெய். ஒரு சொட்டு போதும். மாத்திப் போட்டா மெஷின் போச்சு."

"அப்ப இன்னிக்கு யாரோ கவர்னரைத் துடைச்சு எண்ணெய் போட்டிருக்கான். ஆனா ஸ்பிரிங்கை மறந்துட்டான்." இன்ஸ்பெக்டர் உதட்டைப் பிதுக்கினார். "அரைகுறைப் பய. தொழில் தெரியாதவன்."

சொட்டின் முகம் சிவந்தது.

"மறக்கல சார். அதுக்கு ஸ்பிரிங் டப்பாவையே கழட்டணும். அரை நாள் வேலை. நேரம் எங்க இருந்துச்சு?"

அறையில் பாட்டு மட்டும் ஓடியது.

சொட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். சொன்னது சொன்னதுதான்!

"யாருக்கு நேரம் இல்ல?" என்றார் இன்ஸ்பெக்டர்.

சொட்டு சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"கத்துற சத்தம் தெருவுல கேட்டுச்சு. மனசு கேக்காம உள்ள வந்தேன். என் கண்ணு முன்னாடியே சமையல் எண்ணெய் பாட்டிலைக் கவுத்தார் சார். 'உன் எண்ணெயும் இதுவும் ஒண்ணுதான்யா'ன்னு சிரிச்சார். என் கையில கைப்பிடி இருந்துச்சு..."

"அடிச்சுட்டு ஓடாம, உக்காந்து ரிப்பேர் பண்ணீங்களா?"

"அப்படியே விட்டுட்டுப் போக மனசு வரல சார்."

மனைவி அவர் முன்னால் வந்து நின்றாள்.

"நீங்க அதைத் துடைச்சிட்டிருந்தப்ப... அவருக்கு உயிர் இருந்துச்சா?"

சொட்டு அப்போதும் கிராமபோனைத்தான் பார்த்தார். அவள் முகத்தை மூடிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

வெளியே கேட் திறந்தது. "அம்மா... வாசல்ல எதுக்குப் போலீஸ்?"

மனைவி ஓடினாள். மகளை இரண்டு கைகளாலும் வாரி அணைத்துக்கொண்டாள்.

கான்ஸ்டபிள் சொட்டின் கையில் விலங்கை மாட்டினார். துருப்பிடித்த பூட்டு கிரீச்சிட்டது.

சொட்டு முகத்தைச் சுளித்தார்.

"சார்... இதுக்கு ஒரு சொட்டு போதும்."

இன்ஸ்பெக்டர் தரையில் கிடந்த பாட்டிலைப் பார்த்தார்.

"சமையல் எண்ணெய்தான் இருக்கு. ஊத்தட்டுமா?"